புலிமியா: தங்கையின் காலைச் சாப்பாட்டிலிருந்து தொடங்குங்கள்

மதுரையில் ஹாஸ்டலில் தங்கி இரண்டாம் ஆண்டு படிக்கிற இருபது வயதுத் தங்கை. லீவுக்கு உசிலம்பட்டிக்கு வந்தால் பகலெல்லாம் "பசிக்கல" என்று தட்டைத் தள்ளுகிறாள். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு அடுப்படியில் கிடைத்ததையெல்லாம் சாப்பிட்டுவிட்டு, பாத்ரூமில் போய் வாந்தி எடுக்கிறாள். நீங்கள் கேட்டபோது அழுது ஒத்துக்கொண்டு, "அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதக்கா" என்று கெஞ்சியிருக்கிறாள். ஒரு வருடமாக நடக்கிறதாம். ஆள் மெலியவில்லை, அதனால் வீட்டில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. இது புலிமியா என்கிற உணவுக் கோளாறா, குணமாகுமா, மதுரையில் யாரிடம் காட்டுவது, நான் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

குணமாகிற வியாதிதான். இதை நீங்கள் உறுதியாக நம்ப வேண்டும், ஏனென்றால் உங்கள் தங்கை இப்போது அதை நம்பும் நிலையில் இருக்க மாட்டாள். புலிமியா வந்த பெண்களை அமெரிக்காவில் இருபது வருடத்துக்கும் மேலாகத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், ஒன்பது வருடம் ஆனபோதே ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேர் குணமாகியிருந்தார்கள். அத்தனை வருடம் காத்திருக்க வேண்டும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. சரியான தெரபி கிடைத்தால் நாலைந்து மாதத்திலேயே பெரிய மாற்றம் வருகிறவர்கள் நிறைய உண்டு.

நான் மதுரையில் மனநலத் துறையில் சமூகப் பணியாளராக வேலை பார்க்கிறேன். உங்கள் தங்கையை நேரில் பார்க்காமல் அவளுக்கு இன்ன வியாதி என்று என்னால் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது புலிமியாவுக்கு நன்றாகவே பொருந்துகிறது. லண்டனில் ஜெரால்ட் ரஸ்ஸல் என்ற மனநல மருத்துவர் 1979-ல் இதைத் தனி நோயாக விவரித்து எழுதினார். இன்றைக்கு மருத்துவர்கள் பார்ப்பது இதைத்தான்: சுமார் இரண்டு மணி நேரத்துக்குள், மற்றவர்கள் அதே சூழ்நிலையில் சாப்பிடுவதைவிட மிக அதிகமாகச் சாப்பிடுவது, அப்போது நிறுத்தவே முடியவில்லை என்ற உணர்வு, பிறகு எடை கூடிவிடாமல் இருக்க வாந்தி, பேதி மாத்திரை, பட்டினி, அளவுமீறிய உடற்பயிற்சி என்று ஏதாவது ஒன்று. இது வாரம் ஒரு முறையாவது, மூன்று மாதம் நடந்திருந்தால் புலிமியா என்று கணிப்பார்கள். கூடவே, தன் உடம்பின் எடையையும் அமைப்பையும் வைத்தே தன்னை மதிப்பிடும் மனநிலை இருக்கும்.

கல்யாணப் பந்தியில் வயிறு புடைக்கச் சாப்பிடுவது வேறு. அங்கே நாலு பேரோடு ருசித்துச் சாப்பிடுகிறோம். புலிமியாவில் ருசியே கிடையாது. ஆறிப்போன சோறு, ஊறிய பிஸ்கட், மாவு, சீனி என்று கைக்கு எட்டியதெல்லாம் போகும். பெரும்பாலானவர்களின் எடை சாதாரணமாகவே இருக்கும். "பார்க்க நல்லாத்தான இருக்கா" என்று வீட்டில் வருடக்கணக்காகத் தவறவிடுவது அதனால்தான். பையன்களுக்கும் வரும். ஜிம்முக்குப் போகிற பையன் சாப்பாட்டை நிறுத்தினால் அதை யாரும் வியாதியாகப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ராத்திரி அவள் சாப்பிட்டதும் வாந்தி எடுத்ததும் உங்களைப் பதற வைத்திருக்கிறது. நான் அதைவிடக் கவலையோடு பார்ப்பது, பகலில் அவள் தள்ளிவிட்ட தட்டை. சிகிச்சை தொடங்க வேண்டிய இடமும் அதுதான்.

பெரும்பாலானவர்களுக்கு இது ஒரு டயட்டில்தான் ஆரம்பிக்கிறது. யாரோ ஒருவர் ஒரு சொல் சொல்லியிருப்பார். "என்னடி இப்படி ஊதிட்ட" என்று ஊரில் ஒரு பெரியம்மா கேட்டிருக்கலாம், பொண்ணு பார்க்க வருகிற பேச்சு எழுந்திருக்கலாம், வகுப்பில் எடுத்த போட்டோவில் தன்னையே பிடிக்காமல் போயிருக்கலாம். காலைச் சாப்பாட்டை நிறுத்துவாள். அப்புறம் ராத்திரிச் சாப்பாடு. அப்புறம் "இதெல்லாம் தொடவே கூடாது" என்று ஒரு பட்டியல்: எண்ணெய், சோறு, இனிப்பு, பரோட்டா. சில நாள் சாதித்த மாதிரி இருக்கும். ஆனால் உடம்பு பட்டினியைப் பட்டினியாகத்தான் எடுத்துக்கொள்ளும். அது நாம் போட்ட விரதமா, ஊருக்கு வந்த பஞ்சமா என்று அதற்குத் தெரியாது. சாப்பாட்டு நினைப்பு நாளெல்லாம் மண்டைக்குள் ஓடும். ஒரு மாலை, மனசு சோர்ந்திருக்கும் நேரத்தில், பட்டியலில் இருக்கும் ஏதாவது ஒன்றை ஒரு வாய் சாப்பிட்டுவிடுவாள். "போச்சு, எல்லாம் போச்சு" என்று தோன்றும். அதன் பிறகு கை நிற்காது.

இதை மனவலிமைக் குறைவு என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1944-45-ல், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி, ஆரோக்கியமான 36 இளைஞர்களை அவர்கள் சம்மதத்தோடு ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாட்டில் வைத்தார். பட்டினி கிடந்த மக்களை எப்படி மீட்பது என்று தெரிந்துகொள்ள நடந்த சோதனை அது. உடம்பிலும் மனதிலும் திடமானவர்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்த ஆண்கள். சில வாரங்களில் அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு பேச்சே இல்லாமல் போனது. சமையல் புத்தகங்களை உட்கார்ந்து படித்தார்கள். பழையபடி உணவு கிடைத்த பிறகு பலர் வயிறு நிறைந்தும் நிறுத்த முடியாமல் சாப்பிட்டார்கள். அழகைப் பற்றிய கவலையோ பெண் பார்க்கும் படலமோ அங்கே எதுவும் இல்லை. பட்டினி மட்டும்தான் இருந்தது.

இதில் வாந்தி எங்கே வந்து சேர்கிறது என்றால், சாப்பிட்ட பயத்திலிருந்து தப்பிக்கும் வழியாக வருகிறது. முதல் சில தடவை பெரிய நிம்மதியாக இருக்கும். ஆனால் "வாந்தி எடுத்துக்கலாம்" என்ற எண்ணம் வந்துவிட்டாலே அடுத்த முறை கட்டுப்பாடு இன்னும் சீக்கிரம் உடையும். வாந்தி எடுத்தாலும் சாப்பிட்டது முழுக்க வெளியே வருவதில்லை, கணிசமான பங்கு உடம்பில் சேர்ந்துவிடுகிறது. பேதி மாத்திரையோ சிறுகுடல் சத்தை உறிஞ்சிய பிறகு பெருங்குடலில் வேலை செய்வது. போவது தண்ணீரும் உப்புச்சத்தும்தான். மறுநாள் எடை காட்டும் மெஷினில் தெரிகிற குறைவு, ரெண்டு சொம்பு தண்ணீர் குடித்தால் திரும்பி வந்துவிடும். ஆக, எடைக்காகச் செய்வது எடைக்கே உதவுவதில்லை. குற்ற உணர்வு மட்டும் மிஞ்சும். "நாளையிலிருந்து ஒழுங்கா இருக்கணும், காலைல சாப்பிடக் கூடாது" என்று முடிவெடுப்பாள். வட்டம் முதலில் இருந்து தொடங்கிவிடும்.

அதனால்தான் "வாந்தி எடுக்காதே" என்று சத்தியம் வாங்குவதில் பயன் இல்லை என்கிறேன். நாளெல்லாம் பட்டினி கிடந்தால் ராத்திரி அந்தச் சத்தியம் உடையும். உடைந்ததும் இன்னும் வெட்கப்பட்டு இன்னும் ஆழமாக ஒளித்து வைப்பாள்.

உடம்பு விஷயத்தைத் தள்ளிப்போட வேண்டாம். தெரபிக்கு ஆள் தேடும் முன்னாலேயே, இந்த வாரத்திலேயே, ஒரு பொது மருத்துவரிடம் கூட்டிப்போய் ரத்தத்தில் பொட்டாசியம், சோடியம், மக்னீசியம், சிறுநீரகச் செயல்பாடு பார்த்து, ஒரு ஈ.சி.ஜி.யும் எடுத்துவிடுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி எடுக்கும்போது பொட்டாசியம் குறையும். அது குறைந்தால் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடும். இந்த நோய் உயிருக்கு ஆபத்தாக முடியக்கூடிய முக்கியமான வழிகளில் இது ஒன்று, அதுவும் வெளியே எதுவும் தெரியாமல். ரிப்போர்ட் நார்மல் என்று வந்தால் சந்தோஷம், ஆனால் அன்றைக்கு நார்மல் என்றுதான் அர்த்தம். வாந்தி தொடர்கிறவரை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறுபடி பார்க்க வேண்டும். வாந்தியில் ரத்தம், மயக்கம், நெஞ்சு படபடப்பு, நெஞ்சுவலி, கை கால் இழுத்துப் பிடிப்பது, குழப்பமான பேச்சு என்று எதைப் பார்த்தாலும் தெரபி அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிற பிள்ளையாக இருந்து, எடைக்குப் பயந்து ஊசியைக் குறைத்தாலோ விட்டாலோ அதுவும் இதே அளவுக்கு அவசரம்.

பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். வயிற்று அமிலம் பட்டு மேல் முன்பற்களின் உள்பக்க எனாமல் கரையும். வாந்தி எடுத்த உடனே பிரஷ் செய்தால் மென்மையாகிப்போன எனாமல் இன்னும் தேயும். வெறும் தண்ணீரில், அல்லது சிட்டிகை சமையல் சோடா கலந்த தண்ணீரில் கொப்பளித்தால் போதும். காதோரம் தாடைப் பக்கம் வீங்கியிருந்தால் அது உமிழ்நீர்ச் சுரப்பி. "முகம் ஊதிருச்சு, குண்டாயிட்டேன்" என்று இவர்கள் அதையே தப்பாக எடுத்துக்கொண்டு இன்னும் பட்டினி கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். வாந்தி நின்றால் அந்த வீக்கம் வடிந்துவிடும்.

இனி தெரபி. புலிமியாவுக்கு அதிக ஆதாரம் உள்ள சிகிச்சை சி.பி.டி. என்கிற அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. அதை உணவுக் கோளாறுகளுக்கென்றே வடிவமைத்தவர் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன். சுமார் 20 வாரம், 20 அமர்வுகள். உள்ளே என்ன நடக்கும் என்று தெரிந்தால் உங்கள் தங்கைக்குப் பாதி பயம் போய்விடும். படுக்க வைத்து ஆழ்மனதைக் கிளறுவது, மயக்கத்தில் பேச வைப்பது எதுவும் இல்லை. முதல் வாரமே கையில் ஒரு நோட்டு கொடுப்பார்கள்.

அந்த நோட்டில் ஒரு பக்கம் எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். யாருடைய நோட்டும் இல்லை இது, நானாக எழுதியது. ஆனால் இந்தச் சிக்கலில் இருப்பவர்கள் எழுதும் பக்கங்கள் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

"காலை 7.40, டீ, அரை கிளாஸ். 11 மணி, ஒண்ணும் இல்ல. 1.20, மெஸ், ரசம் சாதம் ரெண்டு கரண்டி, கூட்டு தொடல, ரூம்மேட் மறுசோறு வாங்குனா, நான் வாங்கல, சந்தோஷமா இருந்துச்சு. 5 மணி, டீ. 6.30, தலைவலி, அசைன்மென்ட் முடிக்கல, மேடம் எல்லார் முன்னாடியும் வைஞ்சாங்க. 9.45, ரூம்ல யாரும் இல்ல. பிஸ்கட் ரெண்டு பாக்கெட், மிக்சர், ரூம்மேட் டப்பால இருந்த அதிரசம் எல்லாம், கடைசியா ஹார்லிக்ஸ் பவுடர். 10.20, வா (வாந்தி). அம்மா போன் பண்ணாங்க, எடுக்கல."

வீட்டில் இருப்பவர்கள் இதைப் படித்தால் கண் நேராக 9.45-க்குப் போகும். அதிரசத்தைப் பற்றித்தான் பேச்சு வரும். பயிற்சி பெற்ற தெரபிஸ்ட் 11 மணியில் விரலை வைப்பார். காலையிலிருந்து ராத்திரி வரை அரை கிளாஸ் டீ, ரெண்டு கரண்டி சோறு, இன்னொரு டீ. இதற்குப் பிறகு 9.45 வராமல் இருந்தால்தான் ஆச்சரியம் என்று அவளுக்கே காட்டுவார். "நான் ஒரு பிசாசு மாதிரி திங்கிறேன்" என்று தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தவள், "பசிச்சிருக்கு, அவமானப்பட்டிருக்கேன், தனியா இருந்திருக்கேன்" என்று பார்க்கத் தொடங்குவது அந்த மேசையில்தான். நோட்டை வீட்டில் யாரும் திறந்து பார்க்கக் கூடாது. அது அவளுக்கும் தெரபிஸ்டுக்கும் மட்டும்.

அடுத்த வேலை, மணி பார்த்துச் சாப்பிடுவது. மூன்று வேளை, நடுவில் இரண்டு மூன்று சிறு தீனி, எந்த இடைவெளியும் நாலு மணி நேரத்தைத் தாண்டாமல். பசித்தால் சாப்பிடு என்ற விதி இந்தக் கட்டத்தில் உதவாது, ஏனென்றால் பசி, நிறைவு இரண்டின் சமிக்ஞையும் குழம்பிப் போயிருக்கும். காலையில் இட்லியோ பொங்கலோ, 11 மணிக்கு ஒரு வாழைப்பழம் அல்லது சுண்டல், மதியம் மெஸ் சாப்பாடு, சாயங்காலம் வடையோடு டீ அல்லது பருத்திப்பால், ராத்திரி தோசை, படுக்கும் முன் பால். தனிச் சமையலோ ஓட்ஸோ டயட் சார்ட்டோ தேவையில்லை. சாதாரண வீட்டுச் சாப்பாடு, நேரத்துக்கு. முந்தின நாள் ராத்திரி என்ன நடந்திருந்தாலும் மறுநாள் காலைச் சாப்பாட்டை விடக் கூடாது. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால், அந்தக் கட்டுமீறிய சாப்பாடு சில வாரங்களிலேயே குறைய ஆரம்பிப்பதைப் பலரிடம் பார்க்கலாம்.

"இப்படிச் சாப்பிட்டால் ஊதிவிடுவேனே" என்பாள். நியாயமான பயம்தான், அதற்குத்தான் வாரம் ஒரே ஒரு முறை, தெரபிஸ்ட் முன்னால், எடை பார்க்கிறார்கள். இந்தச் சிகிச்சை எடுப்பவர்களின் எடை சராசரியாகப் பெரிதாக மாறுவதில்லை. அதை யாராவது சொல்லிக் கேட்பதைவிட, தன் எண்ணைத் தானே வாராவாரம் பார்த்துத் தெரிந்துகொள்வது நல்லது. ஹாஸ்டலிலும் வீட்டிலும் தினமும் எடை பார்ப்பதை நிறுத்தச் சொல்வார்கள்.

பிறகு வரும் வாரங்களில், கட்டுமீறிச் சாப்பிடும் வேகம் வரும் நேரத்தை எப்படிக் கடப்பது என்று பழக்குவார்கள். அந்த உந்துதல் உச்சத்துக்குப் போய்த் தானாகத் தணியும். அதுவரை தாக்குப்பிடிக்கத் தனியாக இல்லாமல் இருந்தாலே பெரிய உதவி. சாப்பிட்டு முடித்த பிறகான ஒரு மணி நேரம் மொட்டை மாடியில் யாரோடாவது பேசிக்கொண்டிருக்கலாம், தாயம் ஆடலாம், தம்பிக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கலாம். அதன் பின் "தொடக் கூடாது" பட்டியலை ஒவ்வொன்றாக உடைப்பார்கள். மதுரையில் இருந்துகொண்டு பரோட்டாவையும் ஜிகர்தண்டாவையும் ஆயுளுக்கும் விலக்கி வைத்தால் தெருவில் நிம்மதியாக நடக்கவே முடியாது. ஆகவே ஒரு நாள் தெரபிஸ்ட் திட்டம் போட்டே, நல்ல மனநிலையில், தோழியோடு போய் ஒரு ஜிகர்தண்டா சாப்பிட்டுவிட்டு வரச் சொல்வார். வந்து அதை நோட்டில் எழுத வேண்டும். சிரிப்பாகத் தோன்றலாம், ஆனால் அந்த ஒரு கிளாஸைக் குடித்து முடித்து, வாந்தி எடுக்காமல் வீடு திரும்புவது இவர்களுக்கு ஒரு பெரிய தைரியம். கடைசிக் கட்டத்தில்தான் ஆழமான விஷயம் வரும்: கண்ணாடியில் மணிக்கணக்காக வயிற்றைப் பார்ப்பது, போனில் மற்றவர்களோடு ஒப்பிடுவது, எடையைத் தவிர தன்னிடம் மதிக்கத்தக்க எதுவுமே இல்லை என்ற நம்பிக்கை.

தெரபிஸ்டைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு ஆய்வை நினைவில் வையுங்கள். டென்மார்க்கில் கோபன்ஹேகனில் 70 புலிமியா நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு இரண்டு வருடம் வாராவாரம் உளப்பகுப்பாய்வு வழிப் பேச்சுச் சிகிச்சை. இன்னொரு குழுவுக்கு நான் மேலே சொன்ன சி.பி.டி., 5 மாதத்தில் 20 அமர்வு. 2014-ல் முடிவு வந்தது. ஐந்து மாதத்தில் சி.பி.டி. குழுவில் 42 சதவீதம் பேர் கட்டுமீறிச் சாப்பிடுவதையும் வாந்தியையும் முழுதாக நிறுத்தியிருந்தார்கள், மற்றதில் 6 சதவீதம். இரண்டு வருட முடிவில் 44-க்கு 15. கனிவாகப் பேசும் நல்ல கவுன்சிலர் கிடைத்தாலே போதும் என்று நினைக்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். கனிவு வேண்டும், ஆனால் சாப்பாட்டு நேரத்தையும் நோட்டையும் நேரடியாகக் கையில் எடுக்காத தெரபி இந்த வியாதிக்குப் போதாது. போனில் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கேளுங்கள்: "உணவுக் கோளாறுக்கு சி.பி.டி. பண்ணியிருக்கீங்களா? சாப்பாட்டு டைரி வைப்பீங்களா?" கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்.சி.ஐ. எனும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. சிகிச்சை நன்றாகப் போகிறது என்றால் முதல் நாலைந்து வாரத்திலேயே கொஞ்சமாவது மாற்றம் தெரியும். ஒன்றுமே அசையவில்லை என்றால் தெரபிஸ்டிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். சி.பி.டி. ஒத்துவராதவர்களுக்கு, உறவுகளில் உள்ள சிக்கலை மையமாக வைக்கும் ஐ.பி.டி. என்ற தெரபி இருக்கிறது, பலன் கொஞ்சம் மெதுவாக வரும். 18 வயதுக்குக் கீழ் என்றால் அப்பா அம்மாவைச் சேர்த்து நடத்தும் குடும்ப வழிச் சிகிச்சையைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

மருந்து: ஃப்ளுவாக்ஸெட்டின் என்ற மாத்திரை புலிமியாவுக்கு உதவுகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1996-ல் இதற்கென அனுமதி கொடுத்தது. ஒரு நாளைக்கு 60 மில்லிகிராம் வரை கொடுப்பார்கள், மனச்சோர்வுக்குத் தொடங்கும் அளவைவிட இது அதிகம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். போதை மாத்திரை இல்லை. ஆனால் 25 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் தொடங்கும்போது முதல் சில வாரம் மனநிலையைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். மனநல மருத்துவர் எழுதித்தான் சாப்பிட வேண்டும், அவராகச் சொல்லாமல் நிறுத்தவும் கூடாது. பூப்ரோபியான் என்ற மருந்து புலிமியா உள்ளவர்களுக்கு வலிப்பு வரும் ஆபத்தைக் கூட்டும். அதனால் வேறு எதற்காக எந்த டாக்டரிடம் போனாலும் வாந்தி விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இப்போது வீடு. நீங்கள் அவளிடம் பேசப்போவது முக்கியம். சாப்பாட்டுத் தட்டு முன்னால் இருக்கும்போது பேசாதீர்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து போகும்போது, துணி மடிக்கும்போது என்று முகம் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாத நேரம் நல்லது. "ஏண்டி இப்படிப் பண்ற" என்று காரணம் கேட்டால் பதில் வராது, அவளுக்கே தெரியாது. "நீ வேணும்னு பண்ணலைனு எனக்குத் தெரியும். இதுக்கு வைத்தியம் இருக்காம். நான் கூட வர்றேன். வெளிய உக்காந்திருக்கேன், உள்ள நீ மட்டும் பேசு" என்று சொல்லிப் பாருங்கள். மறுத்தால் விட்டுவிட்டு ஒரு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்று ஒட்டுக் கேட்பது, அலமாரியைப் பூட்டுவது, தின்ற கணக்குக் கேட்பது எல்லாம் வேண்டாம்.

அம்மாவிடம் சொல்வதா என்பது கடினமான கேள்வி. அவளுக்கு 20 வயது ஆகிவிட்டது. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அவளுடைய சிகிச்சை விவரம் ரகசியமாக இருப்பதை உரிமையாகவே தருகிறது, மருத்துவரும் அவள் சம்மதம் இல்லாமல் வீட்டுக்குச் சொல்ல மாட்டார். நீங்களும் இப்போதைக்கு அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். ஆனால் ஒரு எல்லை வைத்து அதை இன்றே அவளிடம் சொல்லிவிடுங்கள்: "உன் உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா நான் யாருகிட்ட வேணும்னாலும் சொல்லுவேன்." இந்த நோயில் மனச்சோர்வும் சாக வேண்டும் என்ற எண்ணமும் கூடவே வருவதுண்டு. அப்படி எண்ணம் வருகிறதா என்று நேரடியாகக் கேட்கலாம், கேட்பதால் அது வந்துவிடாது. என் அனுபவத்தில், தெரபியில் சில வாரம் ஆனதும் பெரும்பாலான பிள்ளைகள் தாங்களாகவே அம்மாவைக் கூட்டிவருகிறார்கள். அம்மாவுக்குத் தெரிந்த பிறகு அவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: நேரத்துக்கு எல்லோருமாக உட்கார்ந்து சாப்பிடுவது, யார் உடம்பைப் பற்றியும் பேசாமல். "மெலிஞ்சிட்ட, இப்பத்தான் லட்சணமா இருக்க" என்ற பாராட்டுகூட இவர்களை மறுபடி பட்டினிக்கு அனுப்பும்.

விரதத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை விரதம், சஷ்டி, நவராத்திரி, ரம்ஜான் நோன்பு, தவக்காலம் என்று எந்தச் சமயத்திலும் சாப்பிடாமல் இருப்பதற்கு ஒரு மரியாதை உண்டு. புலிமியா அந்த மரியாதைக்குள் எளிதாக ஒளிந்துகொள்ளும். சிகிச்சை முடியும்வரை உண்ணா விரதம் வேண்டாம். "டாக்டர் சொல்லியிருக்கார், அல்சர்" என்று பாட்டியிடம் சொன்னால் பாட்டியே தட்டில் போட்டுக் கொடுத்துவிடுவார். விளக்குப் போடுவது, கோயிலைச் சுற்றிவருவது போன்ற வேண்டுதல்களுக்குத் தடை இல்லை. கல்யாணம், சடங்கு, சித்திரைத் திருவிழா மாதிரி நாட்களில் "மத்தியானம் பந்தி இருக்கே" என்று காலையில் பட்டினி கிடந்து போவதுதான் ஆபத்து. வழக்கம்போல் காலையில் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

மதுரையில் எங்கே? பணம் பிரச்சினை என்றால் கோரிப்பாளையம் அரசு ராஜாஜி மருத்துவமனை, நம் பெரியாஸ்பத்திரி. அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., பல் என்று எல்லாம் ஒரே இடத்தில் முடியும். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு எடுத்துவிடுங்கள், கூட்டம் இருக்கும். 1992-லிருந்து மதுரையில் மனநலத் துறையில் இயங்கும் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையிலும் விசாரிக்கலாம். தனியார் மனநல மருத்துவர்களும் உளவியலாளர்களும் நகரில் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஆனால் உணவுக் கோளாறு பார்த்த அனுபவம் எல்லோருக்கும் இருக்காது, நான் சொன்ன அந்த இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால், உடல் பரிசோதனையை இங்கே வைத்துக்கொண்டு தெரபியை மட்டும் சென்னையிலோ பெங்களூரிலோ உள்ள தெரபிஸ்டிடம் வீடியோவில் எடுக்கலாம். ஹாஸ்டலில் தனி அறை கிடைக்காத பிரச்சினையை மட்டும் முன்னாலேயே யோசித்துக்கொள்ளுங்கள். உடல்நலக் காப்பீடு இருந்தால் பாலிசியைப் பாருங்கள். உடல் நோய்க்குத் தருவதைப் போலவே மன நோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று அதே 2017 சட்டம் சொல்கிறது. வெளிநோயாளிச் செலவு வருமா என்பது பாலிசியைப் பொறுத்தது.

அவள் இன்னும் எங்கேயும் வரத் தயாராக இல்லை என்றால், 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் இருக்கிறது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச மனநல ஆலோசனை, 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம். அவள் பேசாவிட்டாலும் நீங்கள் பேசலாம். முதல் முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவள் எந்தெந்த மாத்திரை எடுக்கிறாள், பேதி மாத்திரை உட்பட, மாதவிலக்கு கடைசியாக எப்போது வந்தது, வாரத்துக்கு எத்தனை முறை வாந்தி என்பதை அவள் கையாலேயே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டாக்டர் முன்னால் வாய் திறந்து சொல்லக் கூச்சமாக இருந்தால் அந்தச் சீட்டை நீட்டினால் போதும். காலையில் வீட்டிலோ ஹாஸ்டலிலோ ஏதாவது சாப்பிட வைத்தே கூட்டிக்கொண்டு போங்கள்.